நான்கு கேட்டு இரண்டு வாங்கும் எங்கள் பிரகதாம்பாள் மேடத்துக்கு

“இன்னும் நாலு கிரவுண்டு பின் வேணும், வைரம் சார்.”

“எங்க வைக்கிறது மேடம், என் தலையிலயா?”

“உங்க தலையில வச்சு எனக்கு என்ன பிரயோஜனம்? ஏழாவது பின்னுக்கும் எட்டாவது பின்னுக்கும் நடுவுல வைங்க.”

“அங்க ஒரு மயிரிழை போகாது. அச்சே உடைஞ்சிடும்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. உடைஞ்சுதா?”

“உடையலைன்னா அது என் கைராசி. உங்க டிராயிங்கோட ராசி இல்லை.”

“நாளைக்கு நானே டூல் ரூமுக்கு வந்து பார்க்கிறேன்.”

“தாராளமா வாங்க. வந்து பார்த்தா மட்டும் இடம் பிறந்துடுமா?”

மின்னலை மிஞ்சி ஓடும் மின்குறிகளை மடக்கி, முறையாக நடக்கப் பழக்கிய முதன்மை வடிவமைப்பாளரே! கண்ணுக்குத் தெரியாத கோளாறையும் கணப்பொழுதில் காட்டிக்கொடுக்கும் கண்ணாடிக்காரரே! எங்கள் சனிக்கிழமைகளை எல்லாம் சத்தமில்லாமல் சாப்பிட்டுத் தீர்த்த சான்றோரே! பிரகதாம்பாள் மேடம் அவர்களே! வணக்கம்.

மேலே உள்ள பேச்சு எந்த வருடத்தது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். எல்லா வருடத்துக்கும் உரியது அது. பின் எண் மாறும், கனெக்டரின் பெயர் மாறும், வைரக்கண்ணு சாரின் சட்டை மாறும், பேச்சு மட்டும் மாறாது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, இருவர் குரலிலும் நடித்துக் காட்டும் அளவுக்கு எங்களில் சிலர் தேறிவிட்டோம்.

பணி நிறைவு பெறுபவரை வாயாரப் புகழ்வது மடலின் மரபு. புகழத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முன் எங்கள் எரிச்சலைக் கொட்டித் தீர்த்துவிடுகிறோம். ஏனென்றால் நாளை மறுநாள் உங்கள் வீட்டு வாசலுக்குச் சாமான் வண்டி வருகிறது. கோயம்புத்தூரில் தங்கை வீட்டு மாடிக்குக் குடிபோகிறீர்கள். அச்சு செய்யும் எங்கள் டூல் ரூமின் தலைவர் வைரக்கண்ணுவோ, உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்றை இன்னும் கேட்காமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறார். எத்தனையோ வருடமாக அவர் கேட்கவில்லை. இன்றும் கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்கமாட்டார். இதற்கு மேல் பொறுக்க எங்களால் முடியாது.

வந்திருக்கும் உறவினர்களுக்காக, நாங்கள் என்ன செய்கிறோம் என்று இரண்டு வார்த்தை. கம்ப்யூட்டருக்குள்ளும் ஸ்கேன் இயந்திரத்துக்குள்ளும் பச்சை நிறப் பலகைகள் இருக்கும். ஒரு பலகையை இன்னொன்றோடு சேர்க்கும் பல்வரிசை போன்ற சிறு துண்டுதான் கனெக்டர். வல்லம் சாலையில் இருக்கும் எங்கள் வெண்ணாறு கனெக்டர்ஸ் அதைத்தான் வடிவமைத்து, வார்த்து, சோதித்து அனுப்புகிறது. அதில் ஒரு பின் வழியாகச் செய்தி போகும். போன மின்சாரம் திரும்பி வர வேண்டும் அல்லவா? அதற்குப் பக்கத்திலேயே நிற்கிற பின்தான் கிரவுண்டு. செய்தி மெதுவாகப் போனால் கிரவுண்டு எங்கே இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். ஒரு நொடியில் கோடிக்கணக்கில் துடிக்கும் செய்திக்கு அது உரசிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் உங்கள் தொண்டை கட்டியது. கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் காது அடைத்தது.

எங்கள் முதலாளி குஞ்சிதபாதம் ஐயா மேடையிலேயே இருக்கிறார். அவர் அனுமதியோடு ஒன்றைச் சொல்கிறோம். சோதனையில் ஒருமுறை சிக்னல் குழம்பியபோது, கிரவுண்டு சரியில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். ஐயா அன்றே ஆள் வைத்துத் தோட்டத்தில் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, செப்புத் தகடு புதைத்து, தேங்காய் உடைத்துப் புதிய எர்த் போட்டுவிட்டார். மறுநாள் சிக்னல் அதே குழப்பத்தில் இருந்தது. உங்கள் முகம் போன போக்கை நாங்கள் மறக்கவில்லை.

“சார், எர்த் வேற, நான் சொல்ற கிரவுண்டு வேற. இந்தக் கரண்டு பூமிக்குப் போகலை. பக்கத்துப் பின் வழியா வந்த வழியே திரும்பணும்.”

“எல்லாம் ஒண்ணுதானேம்மா?”

“உங்க வயலுக்கு வாய்க்கால் இருக்கில்ல? வடிகால் இல்லைன்னா என்ன சார் ஆகும்?”

“பக்கத்து வயக்காரன் மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு வருவான்.”

“இங்கயும் அதான். பக்கத்துப் பின் தூக்கிக்கிட்டு வந்திருக்கு.”

ஐயாவுக்கு அந்த இடத்தில் புரிந்தது. ஆனால் வெட்டிய குழியை மூட மனம் வராமல், கோடை முழுக்க அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை எங்களுக்குக் கொடுத்தார். அந்தக் கோபமும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது.

உங்கள் சொல்லை மீறி ஒருமுறை சரக்கு போனது. கிரவுண்டு பின்களை எல்லாம் இரண்டு ஓரத்திலும் ஒதுக்கிவிட்டு, நடுவில் முழுக்கச் செய்திப் பின்களை நிறுத்திய வடிவம் அது. வாடிக்கையாளருக்கு அவசரம், எங்களுக்கும் அவசரம். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பலகைகள் ஸ்கேன் இயந்திரத்துக்குள் போனபின், படத்தில் மழைபோலக் கோடு விழுகிறது என்று பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. நாங்கள் தலை குனிந்து நின்றோம். “நான் அப்பவே சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்களைத் திட்டிக்கொண்டாவது வீட்டுக்குப் போயிருப்போம். நீங்களோ லென்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, “காபி குடிச்சிட்டு வாங்க, முதல்லேருந்து போடுவோம்” என்றீர்கள். மன்னிக்கிற மனிதரோடு கோபித்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த லென்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் அதைப் பார்த்தாலே புதிதாகச் சேர்ந்தவர்கள் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். பின் நுனியில் தூசி அளவு பிசிர் இருந்தாலும், “இது யார் பெத்த பிள்ளை?” என்று கேட்டுக்கொண்டு மேசை மேசையாக வருவீர்கள். சாப்பாட்டு நேரத்தில் வருவீர்கள். தயிர்சாதக் கையோடு எழுந்து நின்று பதில் சொன்னவர்கள் இந்த அரங்கில் பலர். ஆனால் யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வீட்டுக்கு அனுப்பியவரும் நீங்கள்தான். மறுநாள் அந்த மேசைக்கு வந்து, “காய்ச்சல் விட்டுதா? சரி, இந்தப் பிசிர் யாருது?” என்று ஒரே மூச்சில் கேட்டவரும் நீங்கள்தான்.

இனி, எங்கள் எரிச்சலின் அடிவேருக்கு வருகிறோம்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த வடிவமும் இருவர் கையெழுத்து இல்லாமல் வார்ப்புக்குப் போகாது. மின்சாரப் பக்கத்துக்கு நீங்கள், அச்சுப் பக்கத்துக்கு வைரக்கண்ணு சார். நீங்கள் நான்கு கிரவுண்டு பின் கேட்பீர்கள். அவர் ஒன்றுகூடக் கிடையாது என்பார். நீங்கள் டூல் ரூமுக்குப் போவீர்கள், அவர் மேலே வருவார், மறுபடி நீங்கள் போவீர்கள். வாரங்கள் ஓடி, கடைசியில் இரண்டு பின்னில் வந்து நிற்கும். அதுவரை நாங்கள் வரைந்ததையே வரைந்து, சோதித்ததையே சோதித்து, விடுமுறையை விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்போம். சென்ற ஆவணியில், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு எல்லோருமாகப் போக வேன் பேசி, கட்டுச்சோறு வரை முடிவு செய்திருந்தோம். வானிலை ரேடார் பலகைக்கான கனெக்டரில் உங்கள் சண்டை தீரவில்லை. வேன் போகவில்லை.

அந்த வாரம்தான் சோதனைப் பிரிவு சுடர்விழி ஒரு மாதிரித் துண்டு வாங்க டூல் ரூமுக்குப் போனாள். அச்சுக்குள் ஒவ்வொரு பின்னுக்கும் ஓர் எஃகு ஊசி நிற்கும். ஊசி நிற்கும் இடம் பிளாஸ்டிக்கில் துளையாக வரும். ரேடார் கனெக்டரின் அச்சு மேசைமேல் திறந்து கிடந்தது. மயிரிழை போகாது என்று வைரக்கண்ணு சார் மேலே அடித்துச் சொன்ன அதே இடத்தில், இரண்டு ஊசிகள் பளபளவென்று நின்றன. மெஷின் ஓட்டும் கலந்தரிடம் எப்போது செய்தது என்று கேட்டாள். “இதுவா? ஆடி பிறக்கும்போதே முடிச்சாச்சே” என்றார் அவர். சண்டை தொடங்கியதே ஆடிப்பெருக்கு கழிந்துதான்.

வைரக்கண்ணு சார் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“சார், நீங்க இடமே இல்லைன்ன இடத்துல ரெண்டு ஊசி நிக்குது.”

“நிக்குது.”

“அப்ப மேலே எதுக்கு சார் இந்தச் சண்டை?”

“அவங்க நாலு கேட்பாங்க. நான் கிடையாதும்பேன். ரெண்டுல வந்து நிக்கும். எந்த ரெண்டுன்னும் எனக்குத் தெரியும். அதான் முன்னாடியே போட்டு வச்சிடுறது.”

“அதான் சார் கேட்கிறேன். தெரிஞ்சே எதுக்கு?”

அவர் அச்சை மூடினார். மூடிய அச்சைத் திரும்பத் திறந்தார். “முதல் நாளே ரெண்டுக்கு ஒத்துக்கிட்டா, மறுநாள் அவங்க எதுக்கும்மா டூல் ரூமுக்கு வரப்போறாங்க?” என்றார்.

சுடர்விழி மேலே வந்து எங்களிடம் இதைச் சொன்னபோது, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒருவர் வாட்டர் பாட்டிலை மேசையில் ஓங்கி வைத்தார். எத்தனை தீபாவளிக்கு முதல் நாள்! எத்தனை பிள்ளைகளின் பள்ளி ஆண்டுவிழா! எல்லாம் ஒரு மனிதர் ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்ததால்!

அவரை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது, மேடம். அந்தக் கோபத்தில் சுடர்விழி உங்கள் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். சிக்னல் நன்றாக இருந்தால் திரையில் அது விழித்த கண்போலத் தெரியும். கெட்டால் தூக்கம் சொக்கும் கண்போலச் சுருங்கும். நான்கு பின் போட்டு ஓட்டினாள். கண் விழித்திருந்தது. இரண்டு பின் போட்டு ஓட்டினாள். அதே அளவு விழித்திருந்தது. தேவைப்பட்டது இரண்டுதான். அது உங்களுக்குத் தெரியாது என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைகூட நம்பாது.

எங்களுக்கு அப்போதுதான் பழையது ஒன்று உறைத்தது. வைரக்கண்ணு சார் தன் மகள் ஜீவிதாவின் கல்யாணத்துக்காக விடுப்பில் போனபோது, அவருக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்துப் போட வந்தார். அன்று நீங்கள் கேட்டது இரண்டே இரண்டு பின். டீ ஆறுவதற்குள் கையெழுத்தாகிவிட்டது. மேடத்துக்கு உடம்பு சரியில்லையோ என்று நாங்கள் கவலைப்பட்டோம்! எங்களை நினைத்தால் எங்களுக்கே பாவமாக இருக்கிறது.

இதை வாசிக்கும் சுடர்விழியிடம், தாளைவிட்டுத் தலை நிமிர வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீங்கள் முறைக்கிறீர்களா, சிரிக்கிறீர்களா என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே தொடர்ந்து வாசிப்பாள்.

வைரக்கண்ணு சார் முயற்சி செய்யாமல் இல்லை. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வருவார். மனைவி இறந்தபோது ஜீவிதா கைக்குழந்தை. அவளை வளர்த்து ஆளாக்கி வேலைக்குச் சிங்கப்பூருக்கு அனுப்பும் வரை வேறு எதையும் நினைக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. நினைக்கத் தொடங்கியபோது நேரே கேட்கத் தைரியம் இருக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு நீங்கள் மாம்பழ நிறப் பட்டுடுத்தி வந்து, பந்தியில் ரசம் நன்றாக இருக்கிறது என்றீர்கள். அன்றே கேட்டுவிட நினைத்தார். “இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லட்டுமா?” என்றுதான் வாயில் வந்தது. ஊரடங்குக் காலத்தில் ஒருநாள் முழுக்கக் கட்டடத்தில் நீங்கள் இருவர் மட்டுமே இருந்தீர்கள். காவலாளி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்: காலையிலிருந்து சாயங்காலம் வரை பின்னுக்குத் தங்கமுலாம் எவ்வளவு தடிமன் என்று பேசியிருக்கிறீர்கள். தங்கமுலாம்!

ஜீவிதாவே போனில், “அப்பா, நீ கேட்கிறியா, நான் டிக்கெட் போட்டு வந்து கேட்கட்டுமா?” என்று மிரட்டிப் பார்த்துவிட்டாள். சென்ற வாரம் டீக்கடையில் வைத்து நாங்களும் மடக்கினோம். அவர் கிளாஸைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“ரெண்டு தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டு, தனக்குன்னு எதுவுமே கேட்காம இருந்தவங்க அவங்க. நான் கேட்டு, சரின்னா சந்தோஷம். வேணாம்னுட்டா, அப்புறம் சண்டை போடக்கூட வர மாட்டாங்களே, அதை யோசிச்சீங்களா?”

“இப்ப மட்டும் கோயம்புத்தூர்லேருந்து தினம் வந்து சண்டை போடப் போறாங்களா சார்?” என்று சுடர்விழி கேட்டாள்.

அவர் டீயைக் குடிக்கவே இல்லை. பிறகு, “நீங்களே மடல்ல ஒரு வரி போட்டு வாசிச்சிடுங்களேன்” என்றார்.

போடமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். உங்கள் இருவருக்கும் நடுவில் டிராயிங் தூக்கியே எங்கள் கால் தேய்ந்தது. இதையும் நாங்களே தூக்க முடியாது. ஆனால் இதுவரை எழுதியதை எல்லாம் அவரிடம் காட்டினோம். அவர் இரண்டு முறை படித்தார். ஒரு வரியையும் அடிக்கவில்லை. “இதுக்கப்புறம் நான் எழுந்து வரேன்” என்றார்.

மேடம், மேடை என்பதற்காகவோ மாலை போட்டதற்காகவோ நீங்கள் எந்தப் பதிலும் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். கோபம் வந்தால் எங்கள்மேல் வரட்டும். அது எங்களுக்குப் பழக்கம். உங்கள் முழங்கால் வலி தணியட்டும். காலையில் யாரும் எழுப்பாமல் நீங்களாக எழுந்திருக்கும் நாட்கள் நிறைய வாய்க்கட்டும். நீங்கள் எங்கே இருந்தாலும், உங்கள் கேள்விக்குப் பயந்து எங்கள் கை சுத்தமாக வேலை செய்யும். நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நெடுங்காலம் இருங்கள். இதை எரிச்சலோடு அல்ல, உள்ளன்போடு சொல்கிறோம்.

இப்படிக்கு,
உங்களால் பட்ட பாட்டையும் படித்த பாடத்தையும் மறக்க முடியாத
வெண்ணாறு கனெக்டர்ஸ் ஊழியர்கள்

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன், எல்லோரும் கேட்டுக்கொண்டபடி, அன்று நடந்ததையும் இதன்கீழ் சேர்த்திருக்கிறோம்.

சுடர்விழி வாசித்து முடித்ததும் அரங்கில் எல்லோரும் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பினார்கள். வைரக்கண்ணு எழுந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து மைக் வரைக்கும் உள்ள தூரத்தை, அச்சு நகர்த்துகிறவரைப் போல அடிமேல் அடி வைத்துக் கடந்தார். மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தார். அதே நேரம் யாரோ பாட்டுப் போட லேப்டாப்பைச் செருக, ஸ்பீக்கரிலிருந்து ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. அவர் பின்வாங்கினார். மறுபடி நெருங்கினார். இரைச்சல் நிற்கவில்லை. வந்த வழியே அவர் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்துவிடுவாரோ என்று நாங்கள் நாற்காலி நுனிக்கு வந்தோம்.

மேடையில் மாலையோடு இருந்த பிரகதாம்பாள் மேடத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு முன்னால் குந்தினார்.

“யாரு இந்த செட்டை மாட்டினது? லேப்டாப் ஒரு சுவர்ல, ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவர்ல. ரெண்டு பக்கமும் எர்த் ஆகியிருக்கு, இரையாம என்ன செய்யும்? ரெண்டையும் ஒரே போர்டுல போடுங்க” என்றார் யார் முகத்தையும் பார்க்காமல். கலந்தர் ஓடிப்போய் ஒயரை மாற்றினார். இரைச்சல் சட்டென்று அடங்கியது. மேடம் மட்டும் எழுந்திருக்கவில்லை. சரியாகிவிட்ட பெட்டியின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது நுனி சிவந்திருந்ததை முதல் வரிசையில் இருந்தவர்கள் பார்த்தோம்.

வைரக்கண்ணு மைக்கை அதன் கம்பத்திலேயே விட்டுவிட்டார். மேடத்தின் பக்கத்தில் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மைக் இல்லாமல்தான் பேசினார். ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

“கோயம்புத்தூர் போகாதீங்கன்னு சொல்ல வரலைங்க. போறதுன்னா அங்க வரேன், இருக்கிறதுன்னா இங்க இருக்கேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”